இந்திரகோபத்தின் உறவினர்

முதல் மழை ஓய்ந்ததும் செம்பட்டுத் துணுக்குபோல் ஊர்ந்துவரும் இந்திரகோபத்தை இளமையில் கண்டிருப்போம். தம்பலப் பூச்சி என்பாரும் உளர். பூச்சி என வழங்கினும் அது பூச்சியினம் அன்று, எட்டுக் கால்களுடைய சிற்றுண்ணி, சிலந்திக்கு உறவு. அதன் இனத்தாருள் மிகப் பல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவின. ஆதலின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

மட்கும் இலையையும் பூஞ்சையையும் உண்ணும் ஓரிபாட்டிட் என்னும் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 10,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. காட்டுத் தரையில் ஒரு சதுர மீட்டருக்குள் பல்லாயிரம் சிற்றுண்ணிகள் வாழும். இத்துணை வகை எவ்வாறு? மேலே சருகு, அடியில் மட்கு, அதற்கும் கீழே மண். ஒவ்வோர் அடுக்கிலும் ஈரம் வேறு, உணவு வேறு, இடுக்கின் அகலம் வேறு. சருகில் கருநிறப் பெரியவை திரியும். ஆழத்து நுண்துளைகளில் வெளிறிய சிறியவையே புகும். உழவு அத்துளைகளைச் சிதைக்கிறது. ஓரிபாட்டிட்டுகள் சில முட்டைகளே இட்டு மெல்ல வளர்வதால், அழிந்த இடத்தில் விரைவில் பெருகுவதில்லை.

1905-இல் இத்தாலியரான பெர்லேசே ஒரு புனல் அமைத்தார். வெப்பத்தால் மண் காய, உயிர்கள் ஈரம் நாடிக் கீழிறங்கிச் சாராயத்தில் வீழ்ந்து மடியும். நம் வகுப்பில் சாராயத்துக்கு மாற்றாக ஈரத்துணி வைத்தோம். உருப்பெருக்கியில் காட்டியபின் மண்ணிலேயே விட்டோம். அன்று ஒரு மாணவி, "சருகைக் கொளுத்தினால் இவை எங்கே ஓடும், அம்மா?" என வினவினாள். ஆழத்தில் உள்ளவை பிழைக்கலாம். சருகில் உள்ளவை ஓட இயலாதவை என்றோம். நீரை வடிகட்டிப் பருகும் நாமோ அன்று காலைதான் முற்றத்து வேப்பஞ்சருகைக் கூட்டித் தீயிட்டிருந்தோம். மறுநாள் முதல் அது மரத்தடியிலேயே குவிந்தது.