முதுகில் நீர் எடுக்கச் சொன்னால் பயப்படலாமா?



குழந்தைக்குக் கடுங்காய்ச்சல், ஜன்னி, கழுத்து விறைப்பு. மன்னவனூரிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள். மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கூட வந்த பெரியவர், "முதுகுல குத்துனா காலு வெளங்காமப் போயிரும், கையெழுத்துப் போடாதீங்க" என்கிறார். இந்தத் தயக்கத்தில் கழிகிற நேரம்தான் குழந்தைக்கு ஆபத்து.

முதுகுத் தண்டுவடம் இடுப்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்பு அளவில் முடிந்து விடுகிறது; பிறந்த குழந்தைக்குச் சற்றுக் கீழே. ஊசி அதற்கும் கீழேதான் போகிறது. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி நெருங்கினால் பெரும்பாலும் ஒதுங்கிக் கொள்ளும். ஜெர்மனியின் குவின்கே என்ற டாக்டர் 1891-ல் செய்து காட்டிய முறை இது.

அப்படியானால் தொந்தரவே இல்லையா? உண்டு. தலைவலிதான் முக்கியம். எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும். ஊசித் துளை வழியாக நீர் கசிவதே காரணம். 1898-ல் மரத்துப்போகும் ஊசியைத் தன் உடம்பிலேயே சோதித்த பீயர் என்ற டாக்டரும் இதே தலைவலியால் பல நாள் படுத்திருந்தார்! சாதாரணக் கூர்முனை ஊசியில் 100 பேரில் சுமார் 11 பேருக்கும், பென்சில் முனை ஊசியில் 4 பேருக்கும் இது வருவதாக 2018-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே சரியாகும். ரத்தக்கட்டு, கிருமி சேர்வது, காலில் பலவீனம் எல்லாம் மிக அபூர்வம்.

"ஸ்கேன் பாக்காமக் குத்தலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இதில் இரண்டு சங்கதி உண்டு. மூளையில் கட்டியோ வீக்கமோ இருந்தால் நீர் எடுப்பது ஆபத்து. அதனால் நினைவு தப்பியவர், ஒரு பக்கம் இழுத்துக் கொண்டவர் போன்றோருக்கு முதலில் தலை ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குத் தாமதமானால் மருந்தை முன்னதாகவே தொடங்கி விடுவார்கள். எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை.

மற்றொன்று, குத்தும் இடத்தைக் கண்டுபிடிப்பது. கையால் எலும்பைத் தடவிப் பார்ப்பதே வழக்கம். பருத்த உடம்பு, வளைந்த முதுகு என்றால் எலும்பு தட்டுப்படாது. பல தடவை குத்த நேரும், ரத்தம் கலந்து பரிசோதனை குழம்பும். அப்போது, வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்டு ஸ்கேனால் இடம் குறித்தால் வீண் குத்தல் குறைகிறது. எக்ஸ்ரே திரையில் பார்ப்பதும் உண்டு; மாதவிலக்குத் தள்ளிப் போயிருந்தால் முன்பே சொல்லுங்கள். ஆனால் படம் பார்த்துக் குத்தினாலும் துளை துளைதான். தலைவலி வரலாம்.

சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசியும் இதே பாதையில்தான். குத்திய இடம் சில நாள் வலிக்கும். பத்து வருஷ இடுப்பு வலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். உட்கார்ந்தால் தலைவலிக்கிறது என்றால் உடனே வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ் ஏற வேண்டாம். வார்டில் சொல்லி இன்னும் ஒரு நாள் தங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, படுத்தாலும் தீராத தலைவலி கண்டால் அன்றே 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்டுக்கொண்டது மனைவி என்றால், சில நாள் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் கணவர் சுமக்கட்டும்.