மெதுவாகப் போகும் வண்டிக்கும் அலைன்மென்ட் வேண்டும்

“இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாத வண்டி சார், இதுக்கு எதுக்கு அலைன்மென்ட்?”

படூரிலிருந்து கேளம்பாக்கம், சிறுசேரி வரை, பேட்டரி கார் ஓடும் எந்த வளாகத்துக்குள் போனாலும் இந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. அடுக்ககத்தின் பராமரிப்பு மேலாளர் கேட்கிறார், வண்டி ஓட்டும் டிரைவர் கேட்கிறார், மெக்கானிக்குகளில் சிலரே கேட்கிறார்கள். கோல்ஃப் மைதானத்துக்கென்று உருவான இந்தக் கார்ட், நம் பக்கத்தில் வேறு வேலைக்குத்தான் அதிகம் ஓடுகிறது. 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காட்டுகிறது. சென்னை சென்ட்ரல் நடைமேடையில் முதியவர்களை ஏற்றிச் செல்கிறது. நடக்க முடியாதவர்களை நம்பி ஏற்றும் வண்டியின் முன்சக்கரத்தில் இத்தனை அலட்சியம் கூடாது.

நம்பிக்கை: மெதுவாக ஓடும் வண்டிக்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை.

தவறு. முழுக்க முழுக்கத் தவறு.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களின் முன்பக்கமும் சற்றே உள்நோக்கி இருந்தால் டோ-இன். வெளிநோக்கி விரிந்திருந்தால் டோ-அவுட். கார்ட்டுகளில் பரவலாக உள்ள 18 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் 10 மி.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் அரை டிகிரிக்கு மேல் கோணலாக நிற்கிறது. வண்டி நேராக ஒரு கிலோமீட்டர் போனால், ஒவ்வொரு முன்டயரும் ஏறத்தாழ 11 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு இழுபடுகிறது.

இந்தக் கணக்கில் வேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனாலும் அதே 11 மீட்டர். 15 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் அதே 11 மீட்டர். காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் செருப்பு தேயத்தானே செய்யும்?

இன்னும் சந்தேகமா? திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு கோணத்தில் திரும்பி, டயர் உரசாமல் உருள வேண்டும் என்பதற்கான ஸ்டியரிங் அமைப்பை ஆக்கர்மான் என்ற பெயரில் இன்றும் படிக்கிறோம். அதை வடிவமைத்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர். லண்டனில் 1818இல் காப்புரிமை எடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மான். மோட்டார் கார் பிறக்காத காலம் அது. குதிரை வண்டிக்காக யோசித்த அமைப்பு! குதிரை வண்டிக்கே சக்கரக் கோணம் முக்கியமாக இருந்தது. மோட்டார் பூட்டிய வண்டிக்கு வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

இந்த அலட்சியத்தின் செலவு டயரோடு நிற்பதில்லை. இழுபடும் டயரைத் தள்ளிக்கொண்டு போக மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. “சார்ஜ் நிக்கல” என்று டிரைவர் சொன்னதும் நிர்வாகம் பேட்டரி செட்டை மாற்றக் கிளம்புகிறது. கார்ட்டில் அதிக விலையுள்ள பொருள் அதுதான். அதில் கை வைக்கும் முன் முன்டயர் இரண்டையும் உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் தட்டுப்பட்டால் டோ கெட்டிருக்கிறது. இரண்டு டயரும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தால் டோ-அவுட். இரண்டும் வெளிவிளிம்பில் தேய்ந்திருந்தால் டோ-இன் அதிகம். ஒரே ஒரு டயர் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஆக்சிலோ ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கடலோரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கேளம்பாக்கத்தில் உப்பளம் இருக்கிறது. கோவளம் கடற்காற்று படூர் வரை வீசுகிறது. முன்சக்கரங்களை இணைத்து டோவைத் தீர்மானிக்கும் டை ராடின் லாக் நட் துருப்பிடித்து இறுகிவிடும். அதைக் கழற்றச் சோம்பல்பட்டு “அலைன்மென்ட் எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டிய வண்டியில், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ்ஷில் உள்ள கிரீஸ் கழுவிப்போகும். பிறகு புஷ் தேய்ந்து சக்கரம் ஆடும். ஆடுகிற சக்கரத்துக்கு அலைன்மென்ட் வைப்பது வீண்வேலை. முதலில் ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட். அதைச் சரிசெய்த பிறகே அளவு.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்குப் போனால்தான் முடியும்.

தேவையில்லை. அந்தக் கடைகளில் கார் ரிம்முக்குச் செய்த கிளாம்ப், கார்ட்டின் 8 அங்குல ரிம்மில் பல நேரம் உட்காராது. ஜாக்கி, சாக்பீஸ், டேப், இரண்டு ஸ்பேனர் போதும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் ஒரே அளவு காற்று வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுழற்றி, ஒவ்வொரு முன்டயரின் நடுவிலும் சுற்றிவர ஒரு கோடு போடுங்கள். ஜாக்கியை இறக்கியதும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங் அமர விடுங்கள். தொங்கும் சக்கரத்தில் எடுத்த அளவு பொய் சொல்லும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்பக்கம் ஆக்சில் உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அளந்த இடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு அதே புள்ளி பின்பக்கம், அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியைத் தள்ளி மறுபடி அளக்க வேண்டும். இப்படிச் செய்தால் ரிம்மின் கோணல் கணக்கில் புகாது. முன் அளவு பின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான கார்ட்டுக்கு 3 மி.மீ.க்குள் போதும், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. டை ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால், அதை நீட்டும்போது டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும். லாக் நட்டை முறுக்கிய பின் இன்னொரு முறை அளக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

நம்பிக்கை: டோ-இன் எதற்கு, இரண்டு சக்கரமும் இம்மி பிசகாமல் இணையாக இருக்கட்டும்.

ஓடும்போதுதான் இணையாக இருக்க வேண்டும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் தரையின் தடை முன்சக்கரங்களை வெளிநோக்கி விரிக்கும். அதற்கு ஈடாகத்தான் நிற்கும்போது கொஞ்சம் உள்நோக்கி வைக்கிறோம்.

நம்பிக்கை: வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்தான் காரணம்.

டோ பிசகினால் டயர் தேயும். வண்டி ஒரே பக்கமாக இழுப்பது அரிது. காற்றழுத்த வித்தியாசம், இறங்கிப்போன ஸ்பிரிங், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், சாலையின் சரிவு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

நம்பிக்கை: ஸ்டியரிங் நடுங்கினால் டை ராடைத் திருப்பினால் போதும்.

நடுக்கத்துக்கு வளைந்த ரிம், உருக்குலைந்த டயர், தளர்ந்த பேரிங் என்று வேறு காரணங்கள் உண்டு.

நம்பிக்கை: தேய்ந்த முன்டயரைப் பின்னால் போட்டுவிட்டால் தீர்ந்தது.

தீரவில்லை. முன்னால் வரும் நல்ல டயரையும் அதே கோணல் தின்னும்.

சரி, வைத்த அலைன்மென்ட் ஏன் கெடுகிறது? வளாகத்துக்குள் இருக்கும் வேகத்தடைகளைப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட சீரான மேடாக இருக்க வேண்டும் என்றது. நம் வளாகங்களில் ஓரடி அகலத்தில் ரப்பர் கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பேவர் பிளாக்கைச் செங்குத்தாக நிறுத்திச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஆறு பேரோடு வரும் கார்ட்டின் சின்னச் சக்கரம் அதில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அடி டை ராடுக்கும் கிங்பின்னுக்கும் போகிறது. வண்டியில் அமர்ந்திருக்கும் முதியவரின் முதுகெலும்புக்கும் போகிறது. குடியிருப்போர் சங்கங்கள் கூட்டம் போட்டு முதலில் பெயர்த்தெடுக்க வேண்டியது இந்தக் கட்டைகளைத்தான்.

அதுவரை ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஒவ்வொரு சர்வீஸிலும் முன் அளவு, பின் அளவு இரண்டையும் மி.மீ.யில் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அளவு எழுதாமல் “அலைன்மென்ட் ஓகே” என்று மட்டும் எழுதிய பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.