மங்கையர்க்கரசியும் மூன்று கட்டுக்கதைகளும்

பங்குனி உற்சவத்தில் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் அறுபத்துமூவர் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் பெண்கள் மூவர்தான்: காரைக்கால் அம்மையார், இசைஞானியார், மங்கையர்க்கரசியார். மூன்றாமவர் சோழநாட்டில் பிறந்து பாண்டிமாதேவி ஆனவர். அவரைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படுபவற்றில் பாதி பிற்காலத்துச் சேர்க்கை.

“சோழப் பேரரசின் இளவரசி.” இளவரசிதான், பேரரசு இல்லை. அவர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அப்போது வடதமிழகத்தில் பெரிய கை காஞ்சிப் பல்லவருடையது. சோழர் குறுநில மன்னர்களாகச் சுருங்கிக் கிடந்தார்கள். ராஜராஜன் வர இன்னும் 300 ஆண்டுகள் இருந்தன. சினிமா பார்த்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலை அவர் பிறந்த வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறோம்.

“கூன்பாண்டியனின் மனைவி.” மன்னனின் நோயைத் தீர்த்த திருநீற்றுப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் அதைப் பாடிய திருஞானசம்பந்தரே அந்த நோயைக் குறிப்பிடுகிறார், ‘தீப்பிணி’ என்று. கூன் என்ற பேச்சே அங்கே இல்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையிலும் அந்தப் பாண்டியன் நெடுமாறன் நெல்வேலிப் போரை வென்றவனாகத்தான் வருகிறான். கூன் நிமிர்ந்த கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொல்கிறார். மக்கள் மனத்தில் நின்றதும் அதுதான்.

அடுத்ததுதான் வம்பு பிடித்தது: “எண்ணாயிரம் சமணர் கழுவேறினர், பாண்டிநாட்டில் சமணம் அதோடு ஒழிந்தது.” சமணரோடு வாதிட்டதையும் வென்றதையும் சம்பந்தர் பாடுகிறார், கடுமையாகவே பாடுகிறார். ஆனால் அவர் பாடல்களில் கழு இல்லை. நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் பல தலைமுறை கழித்துச் சொன்ன செய்தி அது. கொலையே நடக்கவில்லை என்று இதை வைத்து நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சமணம் ஒழிந்தது என்பதைக் கல்லே மறுக்கிறது. கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் தீர்த்தங்கரர்கள் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள். சித்தன்னவாசல் குகைக்கோயிலை மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்தது 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில். நமக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பாண்டிநாடு இல்லை என்றாலும், காஞ்சியிலேயே வேகவதிக் கரையில் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில் இருக்கிறது. அங்கே சங்கீத மண்டபம் கட்டிய விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டுக்காரர்.

சரி, இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன? கொஞ்சமில்லை. ஹங்கேரியில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசியாகி, கிழக்குத் திருச்சபையில் புனிதையும் ஆன ஐரீனுக்கு இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் அவர் வாழ்ந்த நாளிலேயே செய்த மொசைக் உருவம் இருக்கிறது. அதைப் போலவே நம் அரசிக்கு அவரை நேரில் கண்டவரின் பாட்டு இருக்கிறது. திருவாலவாய்ப் பதிகம் ஒன்றில் சம்பந்தர் ஒரு பாட்டில் அவரையும் அடுத்த பாட்டில் அமைச்சர் குலச்சிறையாரையும் மாறி மாறிப் புகழ்ந்து, முடிவில் இருவரையும் சேர்த்துச் சொல்கிறார். கணவன் சமணத்தில் இருந்தபோதே அந்த அரண்மனையில் சைவத்தைக் காத்தவர்கள் இவர்கள் இருவரும். வாதுக்கு முன் பாடிய இன்னொரு பதிகமோ அரசியையே விளித்துத் தொடங்குகிறது: இவன் சிறுபிள்ளை ஆயிற்றே என்று நீ வருந்த வேண்டாம் என்று சிறுவனான சம்பந்தர் அவருக்குத் தைரியம் சொல்கிறார்.