சாவி அவனிடமே இருக்கட்டும்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது மகளுக்கு மூன்று வயது. என்னைக் கண்டதும் என் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். சியாச்சினில் இருந்து வந்திருந்தேன். மூன்று மாதம் மேலே போஸ்டில் இருந்துவிட்டு இறங்கியவன். மண்ணெண்ணெய் அடுப்பின் கரி இருமலில் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. மேலே போவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் வீடியோ காலில் பேசியதுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம். அதில் சிரிப்பாள், முத்தம்கூடக் கொடுப்பாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த அப்பா ஒரு சாண் முகம். வாசலில் வந்து நின்றதோ பூட்ஸ் போட்ட நெட்டை ஆள். "உங்க அப்பாதான், போ, போய்க் கட்டிக்கோ" என்று எல்லோருமாக அவளைத் தள்ளினார்கள். நானும் அவசரப்பட்டுத் தூக்கினேன். வீறிட்டு அழுதாள்.

அன்றைக்கே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் புத்தி வந்தது. திண்ணையடியில் சம்மணம் போட்டு வேர்க்கடலை உரித்தேன். அவளைக் கூப்பிடவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கடலைத் தோல் என் முழங்கால்மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. ஐந்தாவது தோலுக்கு அவள் கை என் கால்மேலேயே தங்கிவிட்டது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

சியாச்சின் பனியாற்றில் நடக்கும்போது எல்லோரையும் ஒரே கயிற்றில் பிணைத்திருப்பார்கள், பனிப்பிளவில் யாராவது விழுந்தால் மற்றவர்கள் பிடிக்க. முன்னால் போகிறவர் தன் வேகத்துக்கு இழுத்தால் பின்னால் வருகிறவர் சரிவார். வருஷக்கணக்கில் பழகிய இந்தப் பாடம் என் வீட்டு வாசலில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பெரியவன் விஷயம் வேறு. அவனுக்குப் பதினோரு வயது. ஓடி வந்து கட்டிக்கொண்டான், பையைத் தூக்கினான். இவனிடம் ஒரு சிக்கலும் இல்லை என்று நினைத்தேன். அன்று ராத்திரி வழக்கம்போல முன்கதவைப் பூட்டி, சாவியை என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்தபிறகு அவன் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. மறுநாளும் அப்படியே. மனைவிதான் சொன்னாள்: "நீங்க இல்லாதப்ப கதவைப் பூட்டுறது அவன்தாங்க. மோட்டார் போடுறது, கேஸ் சிலிண்டருக்குச் சொல்றது எல்லாம் அவன்தான். சாவியை நீங்க வாங்கிக்கிட்டீங்க."

மூன்றாம் நாள் ராத்திரி சாவியை அவன் கையில் கொடுத்து, "நீயே பூட்டு, எனக்கு அந்தப் பழைய பூட்டு பழக்கமில்லை" என்றேன். ஒன்றும் பேசாமல் பூட்டினான். பிறகு என் பாயோரம் வந்து உட்கார்ந்து, நான் போயிருந்தபோது வீட்டுக்குள் பாம்பு வந்த கதையை அரைமணி நேரம் சொன்னான்.

கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்கள் எங்கள் வேலூர்ப் பக்கம் உண்டு. லீவில் வருகிற தம்பிகள் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். நாம் இல்லாத வீடு தனக்கென ஒரு ஒழுங்கைப் பழகியிருக்கும். முதல் ஒரு வாரமாவது அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். பாப்பா பாட்டி பக்கத்தில் தூங்கினால் அங்கேயே தூங்கட்டும். மார்க் ஷீட்டை வந்த அன்றே கேட்காதீர்கள். பரேடு மைதானத்துக் குரல் வீட்டுக்கு ஆகாது. நான் ஒருமுறை அந்தக் குரலில் கத்தியதில், மகன் இரண்டு நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. "பாப்பா தூங்கும்போதே கிளம்பிடு, இல்லாட்டி அழுவா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படித்தான் ஒருமுறை கிளம்பினேன். அடுத்த லீவில் அவள் நடுராத்திரி எழுந்து, கட்டிலடியில் என் டிரங்குப் பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்து படுப்பதைக் கண்டேன். ஒரு குழந்தையின் தூக்கத்தை நான் கெடுத்திருந்தேன்.

அதன்பிறகு ஒளித்துக் கிளம்பியதே இல்லை. தினசரிக் காலண்டரில் நான் போகும் தேதித் தாளின் ஓரத்தை மடித்துவைத்தோம். காலையில் தாள் கிழிப்பது அவள் வேலை. கிழித்த தாளை என்னிடம் கொண்டுவந்து, "இன்னும் எத்தனைப்பா?" என்பாள். இருவருமாக எண்ணுவோம்.

மடித்த தாள் வந்த அன்று விடியற்காலை நாலரை மணிக்கு அவளை எழுப்பினேன். அழுதாள். அழுதுகொண்டே பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் வந்தாள். பின்னால் பெரியவன் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.