மருத்துவம் பயில விரும்பும் மாணவியும் மேல்நிலைப் பாடத் தேர்வும்

(பத்தாம் வகுப்பு மாணவி, அச்சங்குளம்)



மாணவ வாழ்வில் பத்தாம் வகுப்பு ஒரு நாற்சந்தி. இதுவரை நாம் அனைவரும் ஒரே பாடங்களைப் படித்து வந்தோம். தேர்வு முடிவு வந்த சில நாட்களுக்குள், பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவு என்பதை முடிவு செய்தாக வேண்டும். "எதிர்காலத்தில் என்ன ஆவாய்?" என்று கேட்டால் நம்மில் பலர் "டாக்டர்" என்று தயங்காமல் சொல்கிறோம். "அதற்கு எந்தப் பாடங்கள் வேண்டும்? ஏன் வேண்டும்?" என்று கேட்டால்தான் விழிக்கிறோம். அதைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் நடந்த வழி

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர்களுக்குக் கல்லூரிக் கதவு திறப்பதே பெரும்பாடாக இருந்தது. நமக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நமது விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கதவுக்குச் செல்லும் பாதை பதினோராம் வகுப்பில் தொடங்குகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் பாட்டிமார் காலத்தில் பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரியில் புகுமுக வகுப்பு ஓராண்டு படிக்க வேண்டும். 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபின் அந்தப் பொறுப்பு பள்ளிக்கே வந்து சேர்ந்தது. மருத்துவக் கல்லூரியில் சேரும் முறையும் பலமுறை மாறியது. 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது, 2007-இல் விலக்கப்பட்டது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. முறைகள் மாறினாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற மூன்று பாடங்கள் மாறவில்லை. அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

மூன்றும் ஒன்றே

"டாக்டருக்கு உயிரியல் போதாதா? இயற்பியல் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். "பொட்டப்பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் நம் ஊரில் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் நம் வட்டாரமே விடை சொல்லும்.

சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் பட்டாசுத் தொழிலே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலில் நேரும் விபத்துகளையும் நாம் அறிவோம். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் எங்கள் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் பல உயிர்கள் பறிபோயின. தீக்காயம் என்பது நமக்குப் புத்தகத்தில் படிக்கும் செய்தி அன்று. எனவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளும் முழுமையாக வெந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதலில் உடலில் எத்தனை விழுக்காடு வெந்துள்ளது என்று கணக்கிடுகிறார். இதற்கு 'ஒன்பதின் விதி' என்று பெயர். வயது வந்தோருக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, மீதி 1, ஆக 100. நம் எடுத்துக்காட்டில் இரு கைகளும் சேர்ந்து 18 விழுக்காடு.

தீப்பட்ட இடத்தில் நுண் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுவதால் இரத்த அழுத்தம் குறைகிறது. சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கு ஆபத்து நேர்கிறது. இது உயிரியல்.

இழந்த நீரை ஈடு செய்ய வெறும் நீரை இரத்தக் குழாயில் ஏற்ற முடியாது. ஏற்றினால் சிவப்பணுக்கள் உப்பி வெடித்துவிடும். ஆகவே சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு, லாக்டேட் ஆகியவை அளவாகக் கலந்த ரிங்கர் லாக்டேட் என்னும் திரவத்தை ஏற்றுகிறார்கள். இது வேதியியல்.

குளுக்கோஸ் பாட்டிலைப் போலவே இந்தப் பாட்டிலையும் கட்டிலுக்கு மேலே உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். திரவத்தம்பத்தின் உயரத்திற்கேற்ப அழுத்தம் கூடுகிறது என்று நாம் படித்தோமல்லவா? அந்த அழுத்தமே திரவத்தை இரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறது. இது இயற்பியல்.

எவ்வளவு ஏற்றுவது? அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள பார்க்லாண்டு மருத்துவமனையில் 1960-களில் ஒரு சூத்திரம் உருவானது. 4 மில்லி லிட்டரை உடல் எடையாலும் வெந்த விழுக்காட்டாலும் பெருக்க வேண்டும். 4 × 50 × 18 = 3600 மில்லி லிட்டர். இது முதல் 24 மணி நேரத்துக்கு உரியது. இதில் பாதியை, அதாவது 1800 மில்லி லிட்டரை, முதல் 8 மணி நேரத்திலேயே செலுத்த வேண்டும். மணிக்கு 225 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி விழும் குழாயென்றால் நிமிடத்துக்கு 75 துளி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து அன்று. வண்டி கிடைத்து வந்து சேர 2 மணி நேரம் ஆகியிருந்தால், மிஞ்சிய 6 மணி நேரத்தில் அதே 1800 மில்லி லிட்டர் செல்ல வேண்டும். அப்போது நிமிடத்துக்கு 100 துளி! பின்னர் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் பார்த்து மருத்துவர் கூட்டியோ குறைத்தோ கொள்கிறார். "பொட்டப்பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

எந்தப் பிரிவைத் தேர்வது?

மருத்துவம் படிக்க விரும்புவோர்க்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் அடங்கிய பிரிவு. மற்றொன்று, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் அடங்கிய பிரிவு. இரண்டில் எதைப் படித்தாலும் மருத்துவத்துக்குத் தகுதி உண்டு. உயிரியல் இல்லாத கணினி அறிவியல் பிரிவைத் தேர்ந்தவர்கள் பிற்பாடு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. ஆயினும் அது சுற்று வழியே.

கணிதம் சேர்ந்த பிரிவில் பொறியியல் கதவும் திறந்திருக்கும். ஆனால் கணிதத்திற்கென நாள்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் பிரிவில் உயிரியலை விரிவாகப் படிக்கலாம். பொறியியல் கதவு மூடிவிடும். கணிதத்தை விரும்பிப் போடுபவள் முதல் பிரிவை எடுக்கட்டும். கணிதத்துடன் போராடியே நாள் கழிகிறது என்பவள் இரண்டாவதை எடுக்கட்டும். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. மேலே கண்ட துளிக் கணக்குக்கு நாம் பத்தாம் வகுப்புக்குள் கற்ற பெருக்கலும் வகுத்தலும் போதும். "முதல் குரூப் எடுத்தால்தான் மதிப்பு" என்ற பேச்சுக்காக மட்டும் எவளும் எடுக்க வேண்டாம்.

எந்தப் பிரிவானாலும் இயற்பியலையும் வேதியியலையும் ஒதுக்க இயலாது. நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலுக்கு 90 வினாக்கள், இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45. உயிரியலில் ஒரு தவறும் செய்யாதவளுக்குக்கூட அதில் கிடைப்பது 360 மதிப்பெண், பாதிதான். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு ஒன்று கழியும். ஆகவே புரியாமல் மனப்பாடம் செய்து ஊகிப்பவளுக்கு இழப்பே மிஞ்சும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. அது பொதுவாக 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியது. பதினோராம் வகுப்பில் மட்டும் அரசுப் பள்ளிக்கு மாறினால் அது கிடைத்துவிடாது. இதை அறியாமல் அவசரப்பட்டுப் பள்ளியை மாற்ற வேண்டாம்.

மற்றொன்று. 2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 22 இலட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதினார்கள். அனைவருக்கும் இடம் கிடைக்காது என்பது கணக்கு. அதில் ஒளிவு மறைவில்லை. ஆனால் அதே நான்கு பாடங்களைப் படித்தவளுக்குச் செவிலியர் பட்டப் படிப்பு, மருந்தியல், இயன்முறை மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவையும் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றுள் பலவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. ஆகவே நீட்டுக்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிடுவது கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு நிலவுக்குக் காத்திருப்பது போலாகும். நள்ளிரவில் அந்தத் துளிகளை எண்ணிப் பார்ப்பவர் செவிலியரே என்பதையும் நினைவில் கொள்வோம். அவர் பணி எந்த வகையிலும் குறைந்ததன்று.

முடிவுரை

தோழியரே! பாடப் பிரிவுப் படிவத்தை நிரப்புமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இந்தப் பாடங்களைத் தேர்வு இல்லாவிட்டாலும் படிக்க விரும்புவேனா? கடினமான பாடத்துக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா? மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் இப்படிப்பு என்னை வேறு எங்கே கொண்டு சேர்க்கும்? விடைகளை ஒரு தாளில் எழுதி, பெற்றோரிடமும் வகுப்பாசிரியையிடமும் காட்டிக் கலந்து பேசுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தாள் என்பதற்காக எடுத்த பாடத்தை இரண்டு ஆண்டுகள் சுமக்கப் போவது நாம்தான்.

அறிவியல் பாடங்களைத் தனித்தனி அறைகளாகப் பார்க்காமல் ஒரே வீடாகப் பார்ப்போம். தீப்பட்ட கைகளுடன் வரும் ஒருத்திக்கு அந்த வீடு முழுவதும் தேவைப்படுகிறது. நம் ஊருக்கு நல்ல மருத்துவர்களும் செவிலியர்களும் நம் வகுப்பறையிலிருந்தே உருவாகட்டும்!