கூரைத் தூசியும் தொழிலாளர் நுரையீரலும்



மண்சரிவுக்குப் பின் லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் புது வீடு கட்டும் இடங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது: ஒருவர் அஸ்பெஸ்டஸ் தகட்டை வாளால் அறுக்கிறார். வெள்ளைத் தூசி பறக்கிறது. பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். இந்தத் தூசியைப் பற்றி இம்முறை படிப்போம்.

அஸ்பெஸ்டஸ் என்றால் என்ன?

அது நிலத்தில் தோண்டியெடுக்கும் கல். பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும். அதனால் கல்நார் என்பர். சீமெந்துடன் சேர்த்துத் தகடாக்குகின்றனர். உடையாத தகட்டால் ஆபத்துக் குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சுடன் உள்ளே போகின்றன. நுரையீரல் இறுகும் நோயும் புற்றுநோயும் பெரும்பாலும் 20 முதல் 40 வருடங்களின் பின்னரே வெளிப்படும்.

தொழிலாளர் கண்ட வரலாறு

1924இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷோ என்ற பெண் 33 வயதில் இறந்தார். 1930இல் வெளிவந்த அரசாங்க ஆய்வில், சோதிக்கப்பட்ட 363 தொழிலாளரில் 95 பேருக்கு நுரையீரல் பாதிப்பு இருந்தது. 1931இல் சட்டம் வந்தது; ஆனால் அது ஆலைக்குள் வேலை செய்தோருக்கு மட்டுமே. தகட்டை வெட்டிப் பொருத்திய தச்சரை அது காக்கவில்லை. பிற்காலத்தில் அங்கே அந்நோயால் மிகுதியாக மாண்டோரில் தச்சர்களும் அடங்குவர்.

அமெரிக்காவில் ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் 1972இல் 5 இழைகள் வரை அனுமதித்தனர். 1976இல் 2, 1986இல் 0.2, 1994இல் 0.1 எனக் குறைத்தனர். நேற்றுப் போதுமென்ற பாதுகாப்பு இன்று போதாது என்றானது. இடையில் அந்தக் காற்றைச் சுவாசித்தவர் தொழிலாளரே. பிரித்தானியா 1999இல் முற்றாகத் தடை செய்தது.

நமது தேயிலையும் இதில் உண்டு

இலங்கைக்குக் கல்நார் பெருமளவில் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2018 முதல் இறக்குமதியை நிறுத்த நமது அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. சில நாட்களில் அரசு கல்நார்த் தடையை ஒத்திவைத்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. கொழுந்து பறிப்பவரின் சோற்றையும் கூரை போடுபவரின் மூச்சையும் ஒரே தராசில் வைத்தனர். இரண்டும் நமது குடும்பங்களுடையவை.

நாம் செய்யக்கூடியவை

1. முடிந்தால் வேறு கூரை கேளுங்கள்.
2. அறுக்கவேண்டின் தகட்டை நனைத்து, கைவாளால், திறந்த வெளியில் அறுங்கள். பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.
3. சேலைத் தலைப்பு இழையைத் தடுக்காது. நுண்ணிய இழைகளை வடிகட்டக்கூடிய, இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி வேண்டும்.
4. பாசி பிடித்த கூரையைத் தேய்க்காதீர்கள். தூசியை உலர்வாகக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.
5. உடைந்த துண்டுகளைப் பாதைக்குப் போடாதீர்கள். நனைத்துப் பொலித்தீனில் கட்டி, எங்கே புதைப்பதெனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.
6. புகைப்பிடிப்பவருக்கு ஆபத்துப் பன்மடங்கு.

கலந்துரையாட

நமது குடியிருப்பில் தகடு அறுப்பவர் யார்? அவருக்கு முகமூடி வாங்கிக் கொடுப்பது யார் பொறுப்பு? அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.