தலையாட்டும் குழு

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் சீஷத்துவக் குழுவை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நான் பேசுகிறேன்; எட்டுப் பேரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பேச்சைக் குறையுங்கள் தம்பி. பிரசங்கத்துக்குத்தான் ஞாயிறு ஆராதனை இருக்கிறதே!

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியின் 'வகுப்புக் கூட்டங்கள்' என்ற சிறு குழுக்கள் தொடங்கிய கதை சுவையானது. 1742-ல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரம் ஒரு பென்னி வசூலிக்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போனவர்கள் ஒருவர் குடித்திருப்பதையும், இன்னொருவர் மனைவியோடு சண்டை போடுவதையும் கண்டார்கள். தன் மக்களைக் கவனித்துக்கொள்ள இத்தனை நாள் தேடிய வழி இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். அந்தத் தலைவர்களின் முக்கிய வேலை போதிப்பதல்ல, ஒவ்வொருவரையும் வாராவாரம் விசாரிப்பது. நீங்களும் வாரத்தின் இடையில் ஒரு நாள் உங்கள் வாலிபர்களைத் தனித்தனியாகப் பார்த்து டீ குடியுங்கள்.

கூட்டத்தில், "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "திமிர்வாதக்காரனை இறக்கக் கூரையைப் பிரித்தார்களே, வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு சும்மா இருங்கள். அரை நிமிட அமைதி தாங்கமுடியாததாக இருக்கும். நீங்களே பதில் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. குழுவில் ஒருவன் மனம்விட்டுச் சொன்னது, மறுநாள் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அப்புறம் எவனும் பேசமாட்டான்.